பூவின் மேல் போட்ட பழி

தாட்சாயணி கல்யாணமாகிப் புத்தூருக்கு வந்தபோது வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். விடியுமுன்னே மொட்டுப் பறிக்கப் போவாள். போனதும் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். சளியில்லை, காய்ச்சலில்லை, வெறும் தண்ணீர். மாமியார் கங்கம்மாள் யோசிக்கவேயில்லை. "இவளுக்குப் பூவு ஆவாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அன்றோடு தாட்சாயணி தலையில் பூ இல்லை. ஆசையாய் வளர்த்த செடிகளைப் புருஷன் வேதாச்சலம் வேரோடு பிடுங்கிவிட்டுக் கடலை போட்டான். கல்யாண வீட்டில் பூத்தட்டு வந்தால் அவள் குங்குமம் மட்டும் எடுத்துக்கொள்வாள். சுமங்கலி வெறுந்தலையோடு நிற்கிறாளே என்று பெண்கள் கிசுகிசுத்தால் நெஞ்சு வெந்துபோகும். மூக்குக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஒழுகியது. பக்கத்து வீட்டுப் பூதான் காரணம் என்றாள் கங்கம்மாள். நல்ல கதைதான்.

இப்படிப் பதினோரு வருஷம். ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு மார்கழியில் புருஷனும் பெண்டாட்டியும் திருமலைக்குப் போனார்கள். அங்கே பூவெல்லாம் பெருமாளுக்குத்தான். பெண்கள் யாரும் தலையில் வைப்பதில்லை. ஆனால் அந்தக் குளிரில் அவள் மூக்கு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

தரிசன வரிசையில் நின்றபடி வேதாச்சலம் சுற்றுமுற்றும் பார்த்தான். "இங்க ஒரு தலையிலயும் பூவு இல்லியே, தாட்சாயணி?"

கீழே இறங்கியதும் திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். கண் அரிக்கிறதா, அடுக்குத் தும்மல் வருகிறதா என்று கேட்டார். இல்லை. வாடைக்காற்றில், சுடச்சுட ரசம் குடிக்கையில், அடுப்புப் புகையில் ஒழுகுகிறதா? ஆமாம்.

"இது ஒவ்வாமை இல்லம்மா. குளிரும் சூடும் மாறினா உன் மூக்கோட உள்தோல் தாங்கல, வீங்கி நீர் விடுது. அடியோட போவாது. உப்புத்தண்ணியில கழுவு, விடிகாலையில மூக்குக்குத் துணி கட்டிக்கோ."

அவள் ஒன்றுதான் கேட்டாள். "பூவு வச்சிக்கலாமா?"

"பூ என்னம்மா பண்ணுச்சு? பறிக்கப் போன நேரத்துக் குளிருதான்."

வேதாச்சலம் நேரே போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்து, நடுத்தெருவிலேயே அவள் தலையில் வைத்துவிட்டான். அன்று ஒழுகியதில் பாதி அழுகை.

அந்த மாதமே மறுபடி செடி நட்டான். அதன் பூவை ஆறு வருஷம் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் போய்ச் சேர்ந்தான், அவள் தலையும் பழையபடி வெறுமையாயிற்று.

அதற்குப் பிறகும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்தாள். தொடுத்துத் தெருப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள். எதிர்வீட்டு மருமகள் சுந்தரி ஒருநாள் கேட்டாள்.

"உனக்குப் பூவு ஆவாதாமே, பெரிம்மா?"

"ஆவாதுன்னு நம்பிக்கினு பதினோரு வருஷத்த உட்டுட்டேன்டி" என்றாள் தாட்சாயணி. "திரும்பு, வச்சி உடறேன்."