அவசர வழிக் கதவு

நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் பரீட்சைக்குப் படித்தேன். வளைகுடா நாடு ஒன்றில் கட்டடக் கலைஞராக வேலை செய்ய அந்த நாட்டு லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஒரு தேர்வு. அங்கே ஒரு கம்பெனியில் இருக்கும் என் மைத்துனர், லைசென்ஸ் வாங்கினால் எனக்கு இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்.

செஞ்சியை விட்டுப் போக நினைத்ததற்குக் காரணம் ஊர் அல்ல, நான் செய்துகொண்டிருந்த தொழில். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வீடு வரைந்து கொடுக்கச் சொல்லி வருவதில்லை. யாரோ வரைந்ததைக் கொண்டுவந்து, “சார், ஒரு சைன் வேணும்” என்பார்கள். பெட்டிக் கடையில் தீப்பெட்டி கேட்கிற மாதிரி கேட்பார்கள். படத்தில் காட்டிய ஜன்னல் கட்டடத்தில் இருக்காது. பக்கத்து மனைக்காக விட்ட சந்தில் கக்கூஸ் எழும்பியிருக்கும். என் முத்திரை குத்திய காகிதம் ஒன்றாகவும் எழுந்து நிற்கிற சுவர் வேறாகவும் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அந்தத் தெருக்களில் போகும்போது தலையைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

லைசென்ஸுக்கு இரண்டு வேண்டும். ஒன்று தேர்வு. இன்னொன்று, மக்கள் கூடும் கட்டடம் ஒன்றை முழுப் பொறுப்பில் கட்டி முடித்தேன் என்று அதன் உரிமையாளர் தரும் கடிதம். கடிதம் இல்லாவிட்டால் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. என் கையில் அப்படி ஒரே ஒரு கட்டடம்தான் இருந்தது. திண்டிவனம் சாலையில் முடியும் தறுவாயில் இருந்த ஒரு கல்யாண மண்டபம்.

கூடப் படிக்க ஒருவர் கிடைத்தார். அவலூர்பேட்டைக்காரர், என்னைவிட பத்து வயது சின்னவர், அவரும் ஆர்க்கிடெக்ட். பெயின்ட் கடைக்கு மேலே இருந்த என் அலுவலகத்துக்கு மாலையில் வருவார். தின்னர் வாடையோடு அவர் வாங்கிவரும் பஜ்ஜியின் எண்ணெய் வாடையும் சேர்ந்துகொள்ளும். என் புத்தகங்களுக்கு நான் கண்ணாடித்தாள் அட்டை போட்டு, அத்தியாயம் பிரித்து வண்ணத் துண்டு ஒட்டி வைத்திருந்தேன். அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவார். அவர் போன பிறகு பக்கங்களின் ஓரம் ஈரமாக நெளிந்திருக்கும். துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் படிக்க உட்காருவேன்.

அவர் நம்பியது புத்தகத்தை அல்ல. போனில் ஒரு குழு இருந்தது; என்னையும் அதில் சேர்த்துவிட்டிருந்தார். முன்பு தேர்வு எழுதியவர்கள் கேள்விகளையும் பதில்களையும் அதில் போட்டுவைத்திருந்தார்கள். பாதி பதில்கள் தப்பு. ஒருவர் செய்த தப்பை அடுத்தவர் அப்படியே காப்பி அடித்திருந்தார்.

“அண்ணா, ஏன் அந்த புக்கப் போட்டு உருட்டிக்கினு கிடக்கிறீங்க? கேள்வில ‘ஓனர்’னு வந்துச்சுன்னா மூணாவது பதில். ‘தீ’ன்னு வந்துச்சுன்னா எது பெரிய அளவோ அது. வேல முடிஞ்சுது.”

“ஏன் பெரிய அளவுன்னு தெரிய வேணாமா?”

“பாஸ் ஆயிட்டு தெரிஞ்சுக்கலாம். எங்க ஓடப் போவுது அது?”

அவசரத்தில் வெளியேறும் வழிகள் பற்றிய அத்தியாயத்தை நான் எழுத்தெண்ணிப் படித்தேன். ஜனம் கூடும் மாடிக்கு இரண்டு படிக்கட்டு வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கவேண்டும்; புகை ஒன்றை அடைத்தால் மற்றது மிஞ்சும். படி இறங்கினால் திறந்த வெளியில் கால் வைக்கவேண்டும். மண்டபத்தை அப்படித்தான் வரைந்திருந்தேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே முகூர்த்தக் கூடம். முன்பக்கம் பெரிய படி. பின்னால் வடகிழக்கு மூலையில் இரண்டாவது படி.

கூரை போட்ட பிறகு சில வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கடிதம் தயார் என்று உரிமையாளர் கூப்பிட்டபோது அவலூர்பேட்டைக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். உரிமையாளர் பக்கத்துக் கிராமத்தில் மணிலாக் கடலையும் கரும்பும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். மண்டபத்தின் நெற்றியில் அழகான சிலுவை ஒன்று வைத்திருந்தார். பின்மூலைக்குப் போய்ப் பார்த்தேன். நான் வரைந்த படி இறங்கவேண்டிய இடத்தில் கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. வேலையாட்கள் சாப்பிட்டுக் கழுவிய சோறும் வெற்றிலைச் சக்கையும் வடிகால் ஜாலியில் அடைத்து, தண்ணீர் பச்சையாக நின்றது.

“இங்க இருந்த படி எங்க?”

“இருக்குது சார். மேல பாதி இருக்குது. கீழ் பாதிய மட்டும் உடைச்சுட்டோம். ஈசானிய மூலை சார் இது. படி வரக்கூடாதாம். தண்ணி வரலாமாம்.”

“நீங்க சர்ச்சுக்குப் போறவரு. உங்களுக்கு இன்னா ஈசானிய மூலை?”

“எனக்கு இல்ல சார். ஹால் பாக்க வர்றவனுக்கு இருக்குது. வந்ததும் போன்ல காம்பஸ்ஸ எடுக்கிறான். இந்த மூலைல படியப் பாத்தான்னா வாயத் தொறக்காம போயிடறான். தண்ணியப் பாத்தா சிரிச்சிக்கினே அட்வான்ஸ் குடுக்கிறான். சாமி வேற, மூலை வேற சார்.”

“மேல இருக்கிற ஜனம் எப்படி இறங்கும்?”

“முன்னாடி அவ்ளோ பெரிய படி இருக்குதே. நம்ம செஞ்சிக் கோட்ட ராஜகிரிக்கே ஒரு வழிதான சார். ராஜாவே அதுலதான் இறங்குனாரு.”

அவலூர்பேட்டைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாடிக்குப் போனேன். முகூர்த்தக் கூடத்தின் பின்சுவரில் நான் கேட்டபடியே வெளிப்பக்கம் திறக்கும் கதவு இருந்தது. அதன் தலையில் ‘அவசர வழி’ என்று பச்சைப் பலகை எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். படிகள் இறங்கின. திருப்பத்தில் ஒரு மேடை. மேடைக்கு அப்பால் செங்கல் சுவர். கீழே போக வழி இல்லை. மேடையில் சிமென்ட் சாக்குகள், பிரியாணிப் பொட்டலங்கள், எலிப் புழுக்கை. வேலையாட்கள் மாடியை விட்டு இறங்கச் சோம்பல்பட்டு அந்தச் சுவரிலேயே ஒன்றுக்குப் போயிருந்தார்கள். சுவரில் மஞ்சளாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. மூத்திர வாடை தொண்டைவரைக்கும் வந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கரண்ட் போய், புகை வந்து, பலகையை நம்பி இந்தக் கதவைத் திறப்பவர்கள் இங்கேதான் வந்து முட்டுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் சுவர் இருப்பது தெரியாது.

கீழே உரிமையாளர் கடிதத்தை மேஜையில் வைத்திருந்தார். நான் சொல்லியிருந்த வாசகம், பிழை இல்லாமல். அதன் பக்கத்தில் கட்டடம் படத்தின்படியே முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடவேண்டிய சான்று.

“இதுல சைன் போடுங்க, லெட்டர கையோட எடுத்துனு போங்க சார்.”

மேற்குப் பக்கம் வெளியே ஓர் இரும்புப் படி வைக்கலாம், மூலைப் பிரச்சினையும் வராது என்றேன். அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, அதை ஒட்டி மாப்பிள்ளை கார் நிற்கவேண்டும் என்றார். கதவையாவது அடைத்துப் பலகையை எடுங்கள் என்றேன். அதை எடுத்தால் பார்க்க வரும் அதிகாரி கேட்பாரே என்றார்.

“அண்ணா, கதவு இருக்குது, போர்டு இருக்குது, போட்டோல படியும் தெரியும்,” என்றார் அவலூர்பேட்டைக்காரர். “வேற இன்னா வேணும் உங்களுக்கு?”

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவந்தேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி, “ஊரு பூரா போட்ட கையெழுத்துல இது ஒண்ணு. போட்டுட்டுப் போய்ச் சேருங்களேன்” என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். மறுநாள் உரிமையாளரிடம் முடியாது என்று சொன்னது நியாயத்தை நினைத்து என்று எழுதிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பேனாவைத் திறக்கும்போதெல்லாம் அந்த மேடையின் வாடை வந்தது. அவ்வளவுதான்.

அந்த வாரமே அவலூர்பேட்டைக்காரர் சான்றில் கையெழுத்துப் போட்டார். நான் வரைந்த மண்டபத்தைத் தன் முழுப் பொறுப்பில் கட்டியதாகக் கடிதமும் வாங்கிக்கொண்டார். நான் படி உடைக்கப்பட்டதைப் பற்றி உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் மேலும் கீழும் பார்த்தார்.

“வேற ஆர்க்கிடெக்ட் சைன் போட்டுக் குடுத்துட்டாரே சார். பொறுப்பு அவரோடது. உங்களுக்கு ஏன் டென்ஷன்?”

விண்ணப்பிக்கும் கடைசி நாள் போய்விட்டது. அவர் தேர்வில் பாஸானார். லைசென்ஸைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் குழுவிலிருந்து வெளியேறினேன். சைன் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். புகார் எழுதுகிற ஆள் என்று பேச்சு போயிருந்தது.

தை மாதத்தில் என் மனைவியின் பெரியப்பா பேத்திக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. மாடியில் நாற்காலிகள் முழுக்க ஜனம், பின்சுவரில் பச்சைப் பலகை. கதவோரமாக ஓர் ஆயா பேரனை மடியில் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். மணமகளின் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பின்கதவில் வழியில்லை, ஏதாவது ஆனால் ஜனத்தை முன்படிக்குத் திருப்ப யாராவது ஒருவர் நிற்கட்டும் என்றேன். “சரிங்க மாமா” என்றான். “மொதல்ல சாப்ட்டுட்டு வாங்க, பந்தி போய்க்கினு இருக்குது.”

கீழே உட்காரவைத்தார்கள். எதிரில் தொட்டிகள். ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள், பினாயிலையும் மீறி வாடை வந்தது. ஒருவர் கொப்பளித்துத் துப்பினார். இந்த இடத்தில் சோறு இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. வத்தக்குழம்பு நன்றாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். பாயசத்தையும் இலையில் வழித்துச் சாப்பிட்டேன். இலையை மடித்தபோதுதான் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. மற்ற அருவருப்புகள் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

தொட்டிப் பக்கம் போகவில்லை. விரல்களைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்த மனைவி வழியில் என் கையைக் கவனித்துவிட்டாள்.

“கை கழுவலயா? அங்க தண்ணி வரலயா இன்னா?”

“வருது.”

வண்டியின் கைப்பிடியில் குழம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது.