நின்றுகொண்டு வாசிக்க வேண்டிய பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் அச்சகத்து வாட்ஸ்அப் எண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றுக்கு ஆர்டர் வந்தது. அனுப்பியவர் யாரென்று தெரியவில்லை. நாங்கள் அடிக்கும் போஸ்டர்களின் அடியில் பொடி எழுத்தில் எங்கள் எண் இருக்கும். ஏதாவது சுவரில் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பார். ‘பல்தசார் பர்னாந்து, வயது அறுபத்து மூன்று. இன்று அதிகாலை இறைவனில் இளைப்பாறினார். அடக்கம் மாலை நான்கு மணி. படம் பிறகு அனுப்புகிறேன்.’ தூத்துக்குடியில் பர்னாந்துகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல்தசார் என்ற பெயரில் இத்தனை வருஷத்தில் ஒரு போஸ்டர்கூட அடித்ததில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. எங்கள் அச்சகத்தில் பிழை திருத்தும் பிச்சை அண்ணாச்சிக்கு இப்படி ஒரு பெயர் சிக்கினால் அன்றைக்குச் சோறே வேண்டாம். எட்டரைக்கே வந்துவிடுகிறவர் அன்று இன்னும் வரவில்லை. சைக்கிள் பஞ்சராகியிருக்கும் என்று நினைத்துப் போன் போட்டேன். எடுத்த உடனே, “அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்களுக்கு ஒரு பேரு மாட்டியிருக்கு. பல்தசாராம். என்ன அர்த்தம், சொல்லுங்க பாப்போம்” என்றேன். அந்தப் பக்கமிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“தம்பி, அது அவுகதான். அவுக பேருதான் அது. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?”

முந்தின நாள் மாலை ஆறு மணி வரைக்கும் என் எதிரே இருந்து திருமண அழைப்பிதழ் பார்த்துக்கொண்டிருந்தவர். போகும்போது, “காபி குடிக்க வாரீரா?” என்று கேட்டார். வேலை கிடக்கிறது என்று நான் போகவில்லை. விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து, ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மதினி சொன்னார். இதை எழுதும்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் இருந்தவரின் பெயர் தெரியாமல், அவர் சாவுச் செய்தியையே கையில் வைத்துக்கொண்டு, அவரிடமே அர்த்தம் கேட்டிருக்கிறேன்.

அவரை அறிந்த உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? சுங்க அலுவலகத்து நண்பர்களுக்கும், உப்பளத்து அண்ணாச்சிமாருக்கும், மாதா கோயில் தெரு முழுவதற்கும் அவர் பிச்சைதான். வேலைக்குச் சேர்க்கும்போது நான் ரேஷன் கார்டா கேட்டேன்? ஒரு கத்தை புரூஃபைக் கொடுத்தேன், திருத்திக் கொடுத்தார், சேர்ந்துவிட்டார்.

அவர் வேலை பார்க்கும் விதம் தனி. மற்ற வரிகளையெல்லாம் உட்கார்ந்து திருத்துவார். பெயர் வந்தால் எழுந்து நின்றுகொள்வார். மூன்று தரம் வாய்விட்டு வாசிப்பார். அதன் பிறகுதான் தாளின் மூலையில் பச்சை மையில் ‘பி’ என்று போடுவார். அது இல்லாமல் எந்தத் தாளும் மிஷினுக்குப் போகாது. முட்டி வலியோடு எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டேன். “பேரை உக்காந்துகிட்டு வாசிக்கக் கூடாதுவே. அதைக் காலம் பூரா சொமந்தவன் ஒருத்தன் இருக்காம்லா” என்றார்.

ஒரு தடவை, கப்பலில் இன்ஜினியராக இருக்கும் பையன் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்தான். தஸ்நேவிஸ் என்ற பெயரை டென்னிஸ் என்று மாற்றிப் போடச் சொன்னான். கப்பலில் யாருக்கும் வாயில் நுழையவில்லையாம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “ஏலே, அது போர்த்துக்கீசுக்காரன் சொல்லு. பனியோட மாதான்னு சொல்லுதோம்லா, அந்தப் பனிதாம்ல ஒம்பேரு. வேர்த்து ஒழுகுத இந்த ஊர்ல பனியைக் கண்ணால கண்டவன் எவன் இருக்கான்? காணாததை நம்பிப் பேரு வச்சிருக்கான் ஒங்க தாத்தன். நீ பனி விழுத தேசமெல்லாம் பாத்துட்டு வந்து அதை மாத்தணும்ங்கே.” பையன் சிரித்துவிட்டான். அழைப்பிதழ் தஸ்நேவிஸ் என்றே போனது.

என் பெயருக்கும் அவர்தான் வக்கீல். நான் தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரன். குலசாமி பெயரை எனக்கு வைத்தார்கள், பலவேசம் என்று. பள்ளிக்கூடத்தில் ‘இன்னைக்கு என்ன வேசம்ல’ என்று கேட்டே என்னைச் சாகடித்தார்கள். தூத்துக்குடிக்கு வந்ததும் பாலா ஆகிவிட்டேன். போர்டில் பாலா, பில்லில் பாலா. அண்ணாச்சி ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “பல ரூபம் எடுத்துக் காவல் நிக்குத சாமிவே அது. நீரு சுருக்கிட்டா அவரு எங்கன போயி நிப்பாரு?” என்பார். அவர் கேட்டதை நான் கேலியாகவே எடுத்துக்கொண்டேன்.

அவருடன் நான் பெரிதாகச் சண்டை போட்டது ஒரு சாவுப் போஸ்டருக்காகத்தான். வீட்டார் கூப்பிடும் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞானஸ்நானப் பெயர் தெரியாமல் அடிக்க முடியாது என்று அண்ணாச்சி போஸ்டரை நிறுத்திவைத்தார். துக்க வீட்டுக்குப் போன் மேல் போன். அவர்கள் என்னைத் திட்ட, நான் அவரைத் திட்டினேன். யாருக்கும் தெரியாத பெயரைப் போட்டால் ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “கல்லறையில சாமியாரு அந்தப் பேரைச் சொல்லித்தான் அனுப்புவாரு. போற அன்னைக்காவது சொந்தப் பேருல போவட்டும்” என்றார். தன் வீட்டிலும் அதையே சொல்லிவைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்று தெரியாது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் படம் போட்டோம். கஸ்பார் என்றால் கஜானாவைக் காக்கிறவர், மெல்கியோர் என்றால் ஒளியான ராஜா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மூன்றாவது ராஜாவிடம் நின்றுவிட்டார். டீ வந்ததுதான் காரணம் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டதற்கு, “அதுக்கு நீரு காத்துக் கெடக்கணும்” என்று சிரித்தார். அந்த மூன்றாவது ராஜாவின் பெயர்தான் பல்தசார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை பகல் அவர் வீட்டுக்குப் போனேன். போஸ்டர் ஆர்டர் கொடுத்தது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த, மதினியின் அக்கா மகன். அவனுக்கு என்னைத் தெரியாது. அவன் எனக்குச் சொல்லியிருப்பான் என்று மதினி நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். போனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அவுகளுக்கு மூத்தது மூணும் ஆம்பளப் புள்ளைக தம்பி. ஒண்ணுகூட வருசம் தாண்டல. இவுக பொறந்ததும் மாமியா கோயில் வாசல்ல கெடத்தி, அங்கன நின்னவுக கையால பிச்சையா வாங்கிட்டு வந்தாகளாம். ஞானஸ்நானம் குடுத்த பேரை வாயால சொல்லக் கூடாதுன்னுட்டாக. சொன்னா இதுக்கும் கண்ணு பட்டிரும்னு பயம். கல்யாணத்துக்கு முன்ன கோயில்ல ஓலை வாசிக்கையில சாமியாரு சொன்னாரு, அப்பந்தான் எனக்கே தெரியும். அவுக அம்மா செத்த பொறவாவது சொல்லுங்கன்னேன். அம்மா பயந்த பயத்தை நான் பொய்யாக்க மாட்டேன்னுட்டாக.”

ஊரார் பெயரையெல்லாம் பிரித்து மேய்ந்த மனுஷன், தன் பெயரைத் தாய்க்காக அறுபத்து மூன்று வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

மாலை அடக்கத்தில் பங்குச் சாமியார் ‘பல்தசார்’ என்று சொன்னதும் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு யாருடைய அடக்கத்துக்கோ வந்துவிட்டோமோ என்று ஒருவர் என்னிடமே கேட்டார். எல்லாம் முடிந்து சாமியார் வாசலுக்கு வந்தபோது, அண்ணாச்சியிடம் கேட்டுப் பாதியில் நின்றதை அவரிடம் கேட்டேன். “ராஜாவைக் காப்பாற்று என்று கடவுளைக் கேட்பதுதான் அந்தப் பெயர்” என்றார். அண்ணாச்சியைப் பெற்ற அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது என்று மதினி சொல்லியிருந்தார். பெயரின் அர்த்தம் தெரியாமலே, அதை ஒளித்துவைத்து, அது கேட்டதைத்தான் செய்திருக்கிறார். இதை அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தப் போஸ்டரின் புரூஃப் தாள் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் எடுத்துவைத்துக்கொண்டது அது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் படம் வந்தது. படத்தை வைத்துத் தாள் எடுத்ததும், மிஷின் ஓட்டுகிற தம்பி வழக்கம்போல மூலையைப் பார்த்தான். பச்சை எழுத்து இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். நான் அண்ணாச்சியின் மேஜைக்குப் போய், அவர் பேனாவை எடுத்தேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றேன். பல்தசார், பல்தசார், பல்தசார் என்று வாய்விட்டு வாசித்தேன். பிறகு அவர் ‘பி’ போடும் இடத்தில் பலவேசம் என்று முழுதாக எழுதினேன்.