மாலையிலிருந்து காலைக்கு

பெங்களூரிலிருந்து திரும்பும் சாயங்கால ரயிலில், ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் தங்கை கணவரின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பங்காருபேட்டையில் மூடும் கண் நாங்கள் இறங்கும் ஊரிகம் ஸ்டேஷனில் சரியாகத் திறக்கும். மாப்பிள்ளை நன்றாகத் தூங்குகிறார் என்று பெட்டி முழுக்கக் கேலி. அவர் தூங்கவில்லை. அன்றைய பொழுதை மாலையிலிருந்து காலை வரை பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் நந்திதுர்க் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அவர் பெங்களூரில் காவலாளி வேலைக்குப் போனார். எனக்கும் அங்கேதான் வேலை. ஒருமுறை ஆண்டர்சன்பேட்டை பழைய பேப்பர் கடையில் டைப் அடித்த தாள்கள் ஒரு கட்டு அவருக்குக் கிடைத்தது. மேல்நாட்டு மறைஞானச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பிய பாடங்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். ஒரு குண்டூசியை ஐந்து நிமிடம் வேறு நினைப்பில்லாமல் பார்க்க வேண்டும். தினமும் குறித்த நேரத்தில் யாருக்கும் உபயோகமில்லாத ஒரு காரியம் செய்ய வேண்டும். அதற்காக மூன்று மணி ஆனதும் கைக்கடிகாரத்தை வலது கைக்கு மாற்றி, மறுபடி இடது கையில் கட்டுவார். கிறுக்கு என்று நானே சிரித்திருக்கிறேன். அவருக்கு ரொம்பப் பிடித்தது, நடந்ததை யாரோ எவரோபோல் கடைசியிலிருந்து தொடங்கிப் பார்க்கும் பயிற்சி.

என் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்குகிறேன் என்றாள். ரயிலில் போய்வந்தால் ஆகாதா என்று கத்தினேன். நான் சொல்வதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினாள். நாலு நாள் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டியவள். இப்படியே போனால் திரும்பி வரமாட்டாளோ என்று எனக்கு உள்ளூரப் பயம். ரயிலில் மாப்பிள்ளையிடம் புலம்பினேன். சண்டை நடந்த அந்த நாளைப் பின்னோக்கிப் பாருங்கள் என்றார்.

நான் சுரங்கத்தில் பழைய ஷிஃப்ட் கிளார்க். ஏதாவது உடைந்தால் யாருடைய கவனக்குறைவு என்று புத்தகத்தில் எழுதியே பழகிய கை. கண்ணை மூடித் திறந்து, மகள் மேல் மூன்று குற்றம், செல்லம் கொடுத்த மனைவி மேல் ஒன்று என்று ஒப்பித்தேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

"இது ஷிஃப்ட் ரிப்போர்ட் இல்ல மச்சான். தப்பு யாருதுன்னு இங்க ஒருத்தரும் கேக்கல. கதவாண்ட நின்னுடாதீங்க. அதுக்கு முன்ன இன்னா இருந்துச்சோ, அங்க போங்க."

போனேன். கதவுக்கு முன்னால் என் கத்தல். அதற்கும் முன்னால் அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் வேலை உத்தரவு, முகம் நிறையச் சிரிப்பு. அப்பா என்று கூப்பிட்டாள். நான் செல்போனிலிருந்து தலை நிமிராமல், எங்கே தங்குவதாக உத்தேசம் என்றேன். நாலு நாளாக நான் எல்லோரிடமும் சொன்ன கதை கதவிலிருந்துதான் தொடங்கியது. அந்தச் சிரிப்பு அதில் இல்லவே இல்லை. அத்தனை பேர் நடுவே எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்த வேலை உத்தரவைக் காட்டும்மா என்றேன். பீரோவிலிருந்து எடுத்துவந்து கொடுத்தாள்.

"கேப்பீங்களான்னு நாலு நாளா பார்த்துனே இருந்தேன்பா."

ஞாயிற்றுக்கிழமை அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டது நான்தான். மாப்பிள்ளை போன வருடம் காலமாகிவிட்டார். இருந்தபோது அவருக்கு ஒரு நன்றி சொல்லத் தோன்றவில்லை. இன்று மகள் போன் செய்தால் முதலில் அவளைப் பேசவிடுகிறேன். என்னப்பா, லைனில் இருக்கீங்களா என்று அவள் நடுவில் கேட்பாள். இருக்கிறேன் என்று சொல்வேன்.