ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது எங்கள் வீட்டு ஆடு ஒற்றைக்கண் குட்டி போட்டது. நெற்றிக்கு நடுவே ஒரே கண். மூக்கு இல்லை. என் மாமியார் ஆட்டுத் தொழு வாசலிலேயே என்னை மறித்தார். அவர் என் அப்பாவின் தங்கை. அண்ணன் மகள் வெளியே போய்விடக் கூடாதென்று தன் மகனுக்கு என்னைக் கட்டிவைத்தவர்.

“ஏட்டி, வயித்துப் பிள்ளைக்காரி இங்கன வராத. பாத்தேன்னா ஒம் பிள்ளைக்கும் அப்படியே அமைஞ்சிரும்.”

நான் சங்கரன்கோவிலில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவள். போதாததற்கு வாயும் கொஞ்சம் நீளம். அவரை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். குட்டி அதற்குள் செத்திருந்தது. அந்தக் கண் மட்டும் மூடவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அங்கேயே நின்று பாடம் நடத்தினேன். கருவில் கண்ணுக்கென்று முதலில் ஒரே ஒரு செல் திட்டுதான் இருக்கும். நடுக்கோட்டுச் செல்கள் ஒரு புரதத்தைப் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும். அதை வாங்குவதற்கென்றே அந்தச் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. வாங்கியதும் சேதி உள்ளே போய்ச் சில மரபணுக்களை எழுப்பும், சிலவற்றை அடக்கும். கண்ணை உண்டாக்கும் மரபணு நடுவில் அடங்கினால்தான் அந்தத் திட்டு இரண்டாகப் பிரியும். சேதி வராவிட்டாலும், வந்ததை ஏற்பி வாங்காவிட்டாலும் ஒரே கண்தான்.

“இது யாரு பாத்தும் வாரதில்ல அத்தை. சாமிக்கு நேந்த கிடான்னு அத விக்கவும் மாட்டீங்க, வெளிக்கிடா கொண்டாரவும் மாட்டீங்க. அதுக்குப் பொறந்த குட்டியோடயே அது சேருது. ரெண்டு பக்கமும் ஒரே கோளாறு வந்தா எப்படி வெளங்கும்?”

அத்தை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார்.

அடுத்த வாரம் சங்கரன்கோவிலில் ஸ்கேன். ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று திரையை எனக்குத் தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார்கள். டாக்டரம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கண் பிரிகிற காலம் எனக்கு நாள் தள்ளிப்போன கையோடு முடிந்திருக்கும். வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்று உறுதியாவதற்குள் எல்லாம் தீர்மானமாகிவிட்டது. அது தெரிந்தும் கேட்டேன்.

“கண்ணு ரெண்டும் இருக்கா டாக்டர்?”

“ரெண்டும் நல்லா இருக்கே.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவர் கை கீழே இறங்கியது. பிறகு ஒரே இடத்தில் நின்றது. என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அதே இடத்தை மறுபடியும் பார்த்தார்.

“சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தொழுவில் நான் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது.

“ஆமா டாக்டர். அத்தை மகன்.”

“இதயத்துல ஒரு குறை மாதிரித் தெரியுது. மதுரைக்கு எழுதித் தாரேன். சீக்கிரமா போயிப் பாத்திருங்க.”

வெளியே அத்தை கோயில் புற்றுமண் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

“கண்ணு ரெண்டும் இருக்காட்டி?”

“இருக்கு அத்தை.”

அவர் கண் கலங்கிவிட்டது. கோயில் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டு, புற்றுமண்ணை எடுத்து என் நெற்றியில் பூசினார். மதுரைச் சீட்டு என் கையில் இருந்தது. அதை நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.