சுவரில் முட்டிய ரோபோ

"உங்கட வீட்டில முதல் படிச்சதே நீர்தானாமே. நீர் கோடிங் படிப்பிப்பீரோ?"

கொழும்பு வெள்ளவத்தையில் நான் நடத்தும் பொம்மை ரோபோ வகுப்பில் மகளைச் சேர்க்க வந்த தாய் கேட்டார். மகளின் வீட்டுப்பாடத்தைத் தானே எழுதிக் கொடுப்பவர் அவர் என்று வகுப்பு தொடங்கியதும் தெரிந்தது. எனக்கு அவரைக் கண்டாலே இளக்காரம்.

பெற்றோர் பார்க்க வரும் கடைசி நாளன்று, அவர் வாயை அடைப்பதற்காக, மகளின் ரோபோவுக்கான கட்டளைகளை இரகசியமாக நானே மாற்றினேன். அது தடைகளைச் சுற்றி அழகாக ஓடியது. தாய் கைதட்டினார்.

"மிஸ், இது நான் செய்தது இல்ல. என்ட ரோபோ சுவரில முட்டும்," என்றாள் ஆறு வயதுச் சிறுமி.

அந்தத் தாயைவிட நான் எந்த விதத்தில் மேல்? எல்லோர் முன்னும் உண்மையைச் சொல்லி என் கட்டளைகளை அழித்தேன். அவள் தன்னுடையதைப் போட்டாள். ரோபோ சுவரில் முட்டியது, சிறுமி துள்ளிக் குதித்தாள்.

அடுத்த வகுப்பின் விளம்பரத்தில் 'பெற்றோருக்குக் காட்சி நாள் கிடையாது' என்று அச்சடித்துவிட்டேன். முதல் பிரதியை அந்தத் தாயிடமே கொடுத்தேன்.