இடுப்பில் செருகிய பூபாளம்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் கோயில் திருவிழாக்களுக்குப் போய், கூட்டத்தோடு நின்று நாதஸ்வரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்வேன். ஒவ்வொருவர் வாசிப்பும் ஒவ்வொரு விதம். பக்கத்து ஊரான ரெங்கத்துக்காரர் வாசித்தால் பொரி பொரிவது மாதிரி ஸ்வரங்கள் உதிரும். அதற்கடுத்த ஊர் சிம்பாங் ரெங்கத்தில் ஒருவர் வெட்டி வெட்டி வாசிப்பார், கல்யாணத்துக்கு அதுதான் எடுப்பு. எங்கள் கோயிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவரோ ஒரே ஸ்வரத்தில் நின்றுவிடுவார். அது மெல்ல அசைந்து அடுத்ததைத் தொடும்வரை நான் மூச்சு விட மறந்திருப்பேன்.

விடியற்காலையில் சாமியை எழுப்ப அவர் பூபாள ராகம் வாசிப்பார். கேட்க குருக்களும் நானும்தான் இருப்போம். கூட்டம் இல்லாத இடத்தில் கைப்பேசியை நீட்ட எனக்குக் கூச்சம். அனுமதி கேட்கவும் வாய் வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

அவர் ஊர் திரும்பப் போகிறார் என்று தெரிந்ததும், அந்த வாரம் கேட்காமலே பதிவு செய்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், சட்டைப்பைக்கு எங்கே போவது? கைப்பேசியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

வீட்டில் போட்டுக் கேட்டால் துணி உரசும் சத்தம்தான். நடுவில் பசியில் என் வயிறு வேறு உறுமியது. மனைவி கோப்பியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“அவரு நாயனம் வாசிச்சாரு, நீங்க தவுல் வாசிச்சிருக்கீங்க லா.”

அவர் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. மத்தியானம் போனபோது கோயில் பின்பக்க அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததையும். அவர் கோபப்படவில்லை. அந்தத் தைரியத்தில், இப்போதே கொஞ்சம் வாசிக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

“மத்தியானத்துல பூபாளமா? சாமி குழம்பிப் போயிடுமேண்ணே. நாளைக்குக் காலையில வாசிச்சிட்டுத்தான் வண்டி ஏறுவேன், வாங்க. இடுப்புல மட்டும் செருகாதீங்க.”

மறுநாள் கைப்பேசியை அவர் வாயருகே நீட்டினேன். அங்கே காற்றுதான் பதியும் என்று சொல்லி, என் கையிலிருந்து வாங்கினார். தன் துண்டை மடித்துக் கொஞ்ச தூரத்தில் தரையில் போட்டு, அதன்மேல் வைத்தார். பிறகு சீவாளியை நாக்கில் நனைத்துக் குழலில் பொருத்தி வாசிக்க ஆரம்பித்தார். நான் தூணோடு ஒட்டி நின்றேன். வயிறு சத்தம் போடக்கூடாதென்று வீட்டிலேயே நான்கு பிஸ்கட் தின்றிருந்தேன்.

முடிந்ததும் தானும் கேட்க வேண்டும் என்றார். இத்தனை வருடம் வாசித்தும், எதிரே நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்குத் தெரியாதாம். கைப்பேசியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வண்டிக்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்தார். அவர் அசையவில்லை.

“கடைசியில மூச்சு பத்தல. அத வெட்டிட்டு எனக்கும் அனுப்புங்க,” என்றார்.

தலையாட்டினேன். ஆனால் வெட்ட மனம் வரவில்லை. அந்த இடத்தில் அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கிறது. முழுசாகவே அவருக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டார் என்று கைப்பேசியில் அடையாளம் விழுந்தது. திட்டு வரவில்லை.

இதை எழுதியது: ஆடி மாதம், முதல் வெள்ளிக்கிழமை.