பிடியரிசி எடுக்கப் போன சனிக்கிழமை

மக்களே, நம் ஊரில் ஒருத்தி மனம் உடைந்து படுத்துவிட்டால் முதலில் உங்கள் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். வைத்தியர் அதற்குப் பிறகுதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. மனதைத் தேற்றும் இந்த வித்தையை அம்மா எங்கே படித்தாள் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் நாலாம் வகுப்பு, அவள் அதுவும் இல்லை. அவள் படித்த இடத்தை உங்களுக்காக எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு அக்காள் இருந்தாள். ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் போய்விட்டாள். கோட்டாற்றுக்கு மோட்டார் பஸ் வந்த புதிது அது. நான் அங்கே ஒரு கருப்பட்டிக் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் உங்கள் அம்மாவும், கணவனை இழந்து எங்களோடு வந்துவிட்ட என் அக்காவும், அதாவது உங்கள் மாமியும்.

மாமி நல்லவள். அந்த நல்ல மனதினால்தான் தவறு நடந்தது. "பிள்ளையப் பறிகுடுத்தவளுக்கு வேல குடுக்கப்படாது" என்று அம்மி, அடுப்பு, கிணற்றுக் கயிறு எல்லாவற்றையும் உங்கள் அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுபோய் வைப்பாள். தொட்டில் சேலையை மடித்துக் கண்ணில் படாத இடத்தில் ஒளித்தாள். நம் வேதக்கோயில் சபைப் பெண்கள் பார்க்க வந்தால் நடையிலேயே நிறுத்தி, "பிள்ளையப் பத்தி ஒருத்தியும் வாயத் தொறக்கப்படாது, கேட்டியளா?" என்பாள். அவர்களும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவார்கள். நானும் அப்படித்தான். கடையிலிருந்து வந்தால் கருப்பட்டி விலையைச் சொல்லுவேன். வேறென்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் உங்கள் அம்மாவின் பேச்சு நின்றுபோயிற்று. தலை சீவுவதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே நேரமாகும். அவளுக்குப் பைத்தியம் என்று தெருவில் 'கோட்டி' என்ற சொல் கிளம்பியது. மாமி பயந்துபோய், இரணியலில் இருந்த அம்மாவின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினாள். சனிக்கிழமை வண்டி கொண்டுவந்து மகளைக் கூட்டிப் போகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த நிலையில் போகிறவள் திரும்பி வருவாளா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆனாலும் சரி என்றேன். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிடியரிசி உங்களுக்குத் தெரியும். சபையில் எல்லா வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு கை அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை ஒருத்தி வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வைப்பாள். எங்கள் தெருவுக்கு மாமிதான். அந்தச் சனிக்கிழமை பார்த்து மாமிக்குக் காலில் முள் தைத்து வீங்கிக் கிடந்தது. அரிசி வாங்கும் ஓலைக் கடவத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "இனி ஆர அனுப்புவேன்?" என்று புலம்பினாள். மாமனார் வண்டியோடு வருவார் என்று நான் கடைக்குப் போகாமல் இருந்தேன்.

கட்டிலிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது. மாமியை அவள் மயினி என்றுதான் கூப்பிடுவாள். "மயினி, நான் போறேன்."

"ஒனக்கு எதுக்கு மக்களே? நீ கெட."

"கெடந்தது போதும்."

கூந்தலை அள்ளி முடிந்து, கடவத்தை இடுப்பில் வைத்து, இறங்கிப் போய்விட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்தது. அவள் வரவில்லை. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஏலே, அவ போன வழியில ரெண்டு கெணறு கெடக்கு. தூணு மாதிரி நிக்கியே, ஓடுல!"

ஓடினேன். கேட்ட வீட்டிலெல்லாம் "வந்தா, வாங்கிட்டுப் போனா" என்றார்கள். இரண்டு கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். தெருவின் திருப்பத்தில் ஒரு சைவ வெள்ளாளர் வீடு உண்டு. அவர்களுக்கு நம் சபையும் இல்லை, பிடியரிசியும் இல்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரு இன்னும் முழுக்கப் பழகவில்லை. வீடு தெரியாமல் அங்கேயும் போய்ப் பிடியரிசி கேட்டிருக்கிறாள். வேலிக்கு அப்பால் அவள் குரல் கேட்டது. நின்றுவிட்டேன்.

அந்த வீட்டு அம்மாளுக்கு மாமியின் கட்டளை எட்டியிருக்கவில்லை. மனதில் பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ள ஆரு சாடை?"

"எல்லாம் என் சாடைதான். மூக்கு மட்டும் அவிய மூக்கு. இம்புட்டுப் பெருசு."

"நல்லதுதான். ரெண்டு மூக்குத்தி போடலாம்."

"எங்க சபை ஆளுவ மூக்குத்தி போடமாட்டோம்."

"அட பாவமே! அப்ப அம்புட்டு மூக்கும் வீணா?"

உங்கள் அம்மா சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழத் தொடங்கினாள். அந்த அம்மாள் அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கும் ரெண்டு போச்சு. மூத்தவனுக்குப் புட்டுன்னா உயிரு. இப்பவும் புட்டு அவிச்சா அவன் பேரச் சொல்லிட்டுதான் எறக்குவேன்."

நான் வேலியோரமாக நின்று என் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தேன். வயிறு சோறு கேட்பதுபோல மனதும் தன் பங்கைக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தன் கையால் ஆக வேண்டிய ஒரு காரியம் வேண்டும், தன் துக்கத்தைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பது மனிதருக்குப் பிறவியிலேயே உள்ளது. நாங்கள் அவளுக்கு வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தோம், மற்றதையெல்லாம் பட்டினி போட்டோம். அன்றே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிறகும் எத்தனையோ நாள் அழுதாள். ஆனால் அன்று முதல் பேசி அழுதாள், நானும் கூட உட்கார்ந்து அழுதேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தபோது தெருவில் மாமனாரின் வண்டி நின்றது.

"ஏறு மோளே, போவம்" என்றார் அவர்.

"இன்னும் ஒம்பது வீடு கெடக்கு, அப்பா."

"அத ஒன் மயினி பாத்துக்கிடுவா."

"மயினிக்குக் காலு வய்யா. பின்ன, போறியான்னு என்கிட்ட ஆராவது கேட்டியளா?"

மாமனார் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். மாமி வாசலில் ஒற்றைக் காலில் நின்றபடி கூரை மோட்டைப் பார்த்தாள். கேட்க வேண்டியவன் நான் என்பது எனக்கே தெரிந்தது.

"போறியா?" என்றேன்.

"போவல்ல."

மாமனார் தன் குடையையே வண்டிக்காரன் கையில் கொடுத்து நடக்கிற மனிதர். தெரு முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மகள் இடுப்பிலிருந்த கடவத்தை வாங்கித் தன் தோளில் ஏற்றினார்.

"எந்த வீடுட்டி முதல்ல?"

"அந்தா, முருங்க நிக்கில்லா, அந்த வீடு" என்று உங்கள் அம்மா முன்னால் நடந்தாள்.